கப்பலுக்கு ஏற்றிய கூண்டு: தமிழகக் கரையில் புயல் எச்சரிக்கையின் வரலாறு

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானால் சென்னை, கடலூர், நாகப்பட்டினம், பாம்பன், தூத்துக்குடி துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். செய்தித்தாள்கள் கூண்டின் எண்ணைத் தலைப்பில் போடும்; தொலைக்காட்சிகள் கொடிமரத்தையே திரும்பத் திரும்பக் காட்டும். அந்தக் கூண்டு கரையில் வாழ்வோருக்காக ஏற்படுத்தப்பட்டதன்று. நங்கூரமிட்ட கப்பலின் தலைவன் தொலைநோக்கியில் பார்த்து, துறைமுகத்தில் தங்குவதா, ஆழ்கடலுக்கு ஓடுவதா என்று முடிவெடுக்க வகுத்த குறியீடு அது. புயல் எச்சரிக்கை வணிகத்தின் தேவையாகப் பிறந்து, நூறாண்டுக்கு மேல் கழித்துத்தான் குடிமக்களிடம் வந்து சேர்ந்தது. இன்றைய இணையவழி எச்சரிக்கைகளின் பலமும் குறையும் இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்கள் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் கிடையாது. சென்னையில் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. சரக்கும் ஆளும் மசூலாப் படகுகளில் அலை தாண்டிக் கரை சேர்ந்தனர். ஐப்பசி, கார்த்திகையில் காற்று திரும்பினால் அந்த இடம் பொறியாகிவிடும். 1746-இல் சென்னைக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே, அக்டோபர் மாதப் புயல் ஒன்றில் ஓரிரவிலேயே தன் கப்பற்படையின் பெரும்பகுதியை இழந்தார். ஆங்கிலேயர் படையால் செய்ய முடியாததை வாடைக்காற்று செய்து முடித்தது. பருவமழைக் காலத்தில் கப்பல்கள் இந்தக் கரையைத் தவிர்த்து விலகிப் போவதே அக்கால முன்னெச்சரிக்கை. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வகம் ஒன்றைக் கட்டியது. நட்சத்திரங்களைப் பார்க்கவும் கப்பல்களுக்கு நேரம் காட்டவும் எழுந்த அந்த நிலையத்தில் காற்றழுத்தமும் வெப்பநிலையும் நாள்தோறும் குறிக்கப்பட்டன. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் இன்றும் நுங்கம்பாக்கத்தில்தான் இயங்குகிறது.

புயலின் இயல்பை இந்தியக் கடல்களில் முறையாக ஆராய்ந்தவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, காற்று ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்வதை அவர் விளக்கினார். மாதலா ஆற்றின் முகத்தில் புதுத் துறைமுகம் கட்டும் திட்டம் வந்தபோது, கடல் பொங்கி அந்த இடத்தை மூழ்கடிக்கும் என்று 1853-இல் அரசுக்கு எழுதினார். அரசு கேட்கவில்லை. கேனிங் துறைமுகம் எழுந்தது. பிடிங்டன் இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் 1867-இல் வந்த புயல் அதைச் சிதைத்தது. எச்சரிக்கை விடுவது வேறு, அது காதில் ஏறுவது வேறு என்பதற்கு வங்கக் கடலோரத்தில் கிடைக்கும் பழைய சான்று இது.

எச்சரிக்கை ஒரு நிர்வாக ஏற்பாடாக மாறியது அடுத்தடுத்த இரு பேரழிவுகளால். 1864 அக்டோபர் 5-இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஹூக்ளி ஆற்றில் கடல் ஏறி ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். ஒரு மாதம் கழிவதற்குள் மசூலிப்பட்டினத்தில் மேலும் ஏறத்தாழ 30,000 பேர். ஆற்றில் நின்ற கப்பல்கள் நொறுங்கியதால் வணிகர்கள் அரசை நெருக்கினர். 1865-இல் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை வந்தது. தந்திக் கம்பி அதற்குள் கடலோரமாகப் பரவியிருந்தது. ஓர் ஊரில் பாரமானி இறங்கினால் அடுத்த ஊருக்கு நிமிடங்களில் செய்தி போகும். 1875-இல் ஹென்றி பிளான்ஃபோர்ட் தலைமையில் இந்திய வானிலைத் துறை தொடங்கியது. சென்னையில் அதே காலத்தில் கட்டத் தொடங்கிய செயற்கைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களை 1881 நவம்பர் புயல் உடைத்துத் தள்ளியது. 1886-க்குள் எல்லா இந்தியத் துறைமுகங்களும் எச்சரிக்கை வலையில் சேர்ந்தன. ஆனால் ஊருக்கு ஊர் குறியீடு மாறியதால் மாலுமிகள் குழம்பினர். 1898-இல் நாடு முழுவதற்கும் ஒரே குறியீட்டு முறை வந்தது.

இன்று நடைமுறையில் உள்ள குறியீட்டில் 11 எண்கள் உள்ளன. பகலில் கூம்பும் உருளையுமான கூடுகளைக் கொடிமரத்தில் ஏற்றுவார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளின் வரிசை. 1, 2 இரண்டும் தொலைதூர எச்சரிக்கைகள்: எங்கோ கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமோ புயலோ இருக்கிறது, துறைமுகத்துக்கு உடனடி ஆபத்தில்லை, வெளியே கிளம்பும் கப்பல் கவனம் கொள்ளட்டும். 3, 4 ஆகியவை துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம் என்பன. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11-ஆம் எண்ணின் பொருள் வேறு வகை: வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. செய்தி வராததையே ஒரு செய்தியாக்கிய அந்த எண்ணில் கடலனுபவம் தெரிகிறது. சிறு கலங்கள் மட்டும் வந்துபோகும் துறைமுகங்களுக்குச் சுருக்க முறை ஒன்று உண்டு.

அபாய எண்களுக்குள் இருக்கும் வேறுபாடு நுட்பமானது. புயல் செல்லும் பாதைக்கு இடப்புறம் துறைமுகம் அமைந்தால் 5, வலப்புறம் அமைந்தால் 6, புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடந்தால் 7. பூமியின் வடபாதியில் புயல் இடஞ்சுழியாகச் சுழல்கிறது. கிழக்கிலிருந்து மேற்காக வந்து தமிழகக் கரையேறும் புயலுக்கு வலப்புறம் என்றால் வடக்கு. அங்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசி நீரைக் கரைமேல் தள்ளும். தெற்குப் பக்கம் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். நாகப்பட்டினத்தில் புயல் கரையேறினால் வடக்கே உள்ள ஊர்களில் கடல் உள்ளே வரும், தெற்கே உள்ள ஊர்களில் கடல் உள்வாங்கவும் கூடும். கப்பலைத் திருப்ப வேண்டிய மாலுமிக்கு இது உயிர்த் தகவல். கரையோரக் குடிசைவாசிக்கும் உயிர்த் தகவல்தான். அவருக்கு இதை எடுத்துச் சொல்ல மட்டும் யாரையும் நியமிக்கவில்லை.

தமிழகக் கடற்கரை ஏறத்தாழ 1,076 கி.மீ. நீளம். அதில் ஏறத்தாழ 600 மீனவக் கிராமங்கள். துறைமுகங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. கட்டுமரக்காரர் கூண்டைப் பார்க்க வேண்டுமானால் துறைமுகம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பார்த்தாலும் எண்ணின் பொருள் தெரிய வேண்டும். அவர்கள் நம்பியது தங்கள் அறிவை: வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசை பிரித்த காற்று, நீரோட்டத்தின் வேகம், அடிவானத்தின் நிறம், அலையின் இடைவெளி. கரையை ஒட்டிச் சில மணி நேரத் தொழில் செய்தவரை இந்த அறிவு பெருமளவு காத்தது. தொலைவில் பிறந்து விரைந்து வரும் புயலை அது முன்கூட்டிச் சொல்லாது.

தனுஷ்கோடி இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1964 டிசம்பரில் தெற்கு அந்தமான் கடலில் உருவான புயல், இலங்கையின் வடபகுதியைக் கடந்து, 22-ஆம் தேதி இரவு பாக் நீரிணைக்குள் நுழைந்தது. கப்பல் துறை, சுங்கச் சாவடி, அஞ்சலகம், தந்தி, ரயில் நிலையம் எல்லாம் இருந்த ஊர் அது. தலைமன்னாருக்குக் கப்பல் போகும் வாசல். தந்தி இருந்த ஊருக்கே தகவல் தக்க வகையில் சேரவில்லை. பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் அலையில் புரண்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் எவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலமும் சிதைந்ததால் தீவிலிருந்து செய்தி வெளியே வரவே நேரமானது. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. தேவாலயச் சுவர்களும் ரயில் நிலையத்தின் இடிபாடும் இன்று சுற்றுலாப் பயணிகளுக்குப் படமெடுக்கும் இடம்.

மக்களை நோக்கி எச்சரிக்கை திரும்பியது 1970-களில். 1970 நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலாப் புயல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. விடுதலை பெற்ற வங்கதேசம் 1972-இல் கிராமத் தொண்டர் படை ஒன்றைக் கட்டியது: வானொலி கேட்டு, கொடி ஏற்றி, ஒலிபெருக்கிக் குழலோடு வீடு வீடாகப் போகும் ஆட்கள். செலவு குறைந்த இந்த ஏற்பாட்டுக்கு நிகராக வேறெதுவும் வங்கக் கடலில் இன்றுவரை உயிர்களைக் காத்ததில்லை என்று துணிந்து சொல்லலாம். தமிழகத்தில் வேலை அரசு இயந்திரத்தின் வழியே நடந்தது. வானொலியில் மீனவர்களுக்கான அறிவிப்பு, காவல்துறை வயர்லெஸ், வருவாய் ஆய்வாளர், கிராமத்தில் தண்டோரா என்று செய்தி படிப்படியாக இறங்கியது. ஒவ்வொரு படியிலும் சிறிது நேரமும் சிறிது பொருளும் உதிர்ந்தன.

1973-இல் சென்னையில் புயலைக் கண்டறியும் ரேடார் அமைந்தது. 1977 நவம்பர் 12-இல் நாகப்பட்டினம் அருகே கரையேறிய புயல் தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை வரை வீசி 500-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஒரு வாரம் கழித்து ஆந்திரத்தின் திவிசீமையில் கடல் ஏறிக் குறைந்தது 10,000 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பில் ஆயிரத்தை நெருங்கிய உயிரிழப்பு. கடலோரத்தில் கான்கிரீட் தூண்கள்மேல் நிற்கும் புயல் பாதுகாப்பு மையங்கள் பெருகியது இவற்றின் பின்தான்.

1980-களில் இன்சாட் செயற்கைக்கோள் வழியாக ஒரு புது ஏற்பாடு வந்தது. வட தமிழகம், தென் ஆந்திரக் கடலோரத்தின் அரசு அலுவலகங்களில் முதலில் வாங்கிகளை வைத்தார்கள். சென்னை மையம் எந்த மாவட்டத்தை நோக்கிப் பேசுகிறதோ அந்த மாவட்டத்துப் பெட்டிகள் மட்டும் விழித்து, சங்கு ஊதி, அந்த வட்டார மொழியில் எச்சரிக்கையை ஒலிக்கும். தந்திக் கம்பி அறுந்தாலும் கவலையில்லை. 1990 மே மாதம் திவிசீமைப் புயலுக்கு ஏறக்குறைய சமமான புயல் ஆந்திரத்தைத் தாக்கியபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். உயிரிழப்பு ஆயிரத்துக்குள் நின்றது. பதின்மூன்று ஆண்டுகளில் பத்தில் ஒன்றாகக் குறைந்த அந்த எண்ணிக்கை, எச்சரிக்கை முறைகளின் வரலாற்றில் ஆந்திரக் கரை பதித்த திருப்பம்.

இணையவழி எச்சரிக்கை இந்தக் கரைக்கு வந்தது நகரத்தின் வழியாக அன்று என்பது பலரும் அறியாத செய்தி. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. மீனவக் கிராமமான வீராம்பட்டினத்தில் அதன் பயன் நேரடியாகத் தெரிந்தது. அமெரிக்கக் கடற்படை தன் தளத்தில் வெளியிட்ட அலை உயர முன்னறிவிப்பை வில்லியனூரில் கணினியில் இறக்கி, தமிழாக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே கடற்கரை ஒலிபெருக்கியில் அது ஒலிக்கும். வலை பின்னிக்கொண்டிருப்பவர் கணினியைத் தொடாமலே அடுத்த 24 மணி நேரக் கடலை அறிந்தார். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, கருவி வாங்க வேண்டியதில்லை. பின்னாளில் வந்த பல செயலிகள் இந்த எளிமையை எட்டவில்லை.

2004 டிசம்பர் 26 அந்த ஒலிபெருக்கியின் மதிப்பைக் காட்டியது. இந்திய நேரப்படி காலை 6.28 மணிக்குச் சுமத்ரா அருகே கடலடி அதிர்ந்தது. தமிழகக் கரைக்கு அலை வர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இருந்தது. பசிபிக் கடலுக்கு 1949 முதலே ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் உண்டு. இந்தியப் பெருங்கடலுக்கு எதுவும் இல்லை. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அதில் ஏறத்தாழ 6,000 பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தில். புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்தில் வேறு மாதிரி நடந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்து வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். ஊரார் அறிவு மையத்தைத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்து, மக்களைக் கரையை விட்டு வெளியேற்றினர். வீடுகளும் படகுகளும் போயின, ஊர் பிழைத்தது. எந்த அரசுத் துறையும் அனுப்பாத எச்சரிக்கை அது.

அடுத்த பத்தாண்டில் நிறுவனங்கள் வேகமாக எழுந்தன. 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தின் இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ரா மீண்டும் 8.6 அளவில் அதிர்ந்தபோது, நிமிடங்களில் அறிவிப்பு வந்தது. மெரினாவிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். பெரிய அலை வரவில்லை. ஆழிப்பேரலைக்கு முன்பே, 2002-இல், சென்னைக்கு டாப்ளர் ரேடார் வந்திருந்தது. அதைப் பொருத்தியது துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்து உச்சியில்.

2004 முதல் வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கமும் வந்தது. கரையோர நாடுகள் முறைவைத்துப் பெயர் கொடுத்தன. ‘கஜா’ இலங்கை தந்தது, ‘வர்தா’ பாகிஸ்தான் தந்தது. பெயர் வந்ததும் புயல் ஊடகத்தின் பாத்திரமாகிவிட்டது. தொலைக்காட்சியில் சென்னைப் புயல் எச்சரிக்கை மையத்தின் எஸ்.ஆர். ரமணன் தோன்றினால் பள்ளிக்கு விடுமுறை என்று பிள்ளைகள் மகிழ்ந்த காலம் அது. கேலிக்கு ஆளானாலும், வானிலைத் தமிழை வீட்டுத் தமிழாக்கியதில் அவர் பங்கு பெரிது. பின்னர் பிரதீப் ஜான் போன்ற ஆர்வலர்கள் ரேடார் படங்களையும் கணினி மாதிரிகளையும் தெருவுக்குத் தெரு பொருள் சொல்லி, சமூக ஊடகத்தில் லட்சக்கணக்கானோரைச் சேர்த்தனர். அரசின் அறிக்கை மாவட்டத்தோடு நின்றதும் மக்கள் கேட்ட கேள்வி தெருவைப் பற்றியதாக இருந்ததுமே இந்த வரவேற்புக்குக் காரணம்.

2015 டிசம்பர் 1-இல் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தபோது அந்த இடைவெளி வெள்ளமாகவே வந்தது. கனமழை வரும் என்று அறிவிப்பு இருந்தது. அடையாற்றில் நீர் எந்தத் தெருவரை ஏறும் என்று யாரிடமும் விடை இல்லை. தன்னார்வலர்கள் திறந்தநிலை வரைபடம் ஒன்றை இணையத்தில் வைக்க, மக்கள் தங்கள் தெரு மூழ்கியதை அதில் குறித்தனர்; இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாலைகள் அதில் சேர்ந்தன. மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் போன பகுதிகள்தான் மிக மோசமாக மூழ்கியவை. அங்கிருந்து குறிக்க ஆளில்லை. இதற்குப் பின் 2018-இல் மாநில அரசின் ‘டிஎன்-ஸ்மார்ட்’ செயலியும் 2019-இல் சென்னைக்கான ‘சி-ஃப்ளோஸ்’ வெள்ள முன்னறிவிப்பும் வந்தன.

கடலில் இருப்பவருக்கு எச்சரிக்கை எட்டவில்லை என்பதை அதற்கு முன்பே 2017-இல் ஒக்கிப் புயல் காட்டியிருந்தது. நவம்பர் 29 காலை இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. தூத்தூர் வட்டாரத்தின் ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்பவர்கள். கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பு வந்தபோது அவர்கள் போய் நாளாகியிருந்தது. கைப்பேசி கரையிலிருந்து சில கி.மீ. தாண்டினால் ஊமை, படகு வயர்லெஸ்ஸின் எட்டலும் குறுகியது. உயிர் தப்பிய படகுகள் லட்சத்தீவிலும் கர்நாடக, மகாராஷ்டிர, குஜராத் துறைமுகங்களிலும் ஒதுங்கின. தமிழகத்தையும் கேரளத்தையும் சேர்ந்த 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது திரும்பவே இல்லை. 2019-இல் வந்த ‘ஜெமினி’ என்ற செயற்கைக்கோள் வாங்கி, நடுக்கடலிலும் எச்சரிக்கையைக் கைப்பேசித் திரைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அது ஒருவழிப் பாதை; படகிலிருந்து கரைக்கு அதில் எதுவும் சொல்ல முடியாது.

2018 நவம்பர் 16-இல் கஜா வேதாரண்யத்தில் கரையேறியது. அதற்கு முன்பே பல்லாயிரம் பேர் முகாம்களுக்கு மாறியிருந்தனர். முன்னேற்பாட்டைப் பாராட்டாதவர் இல்லை. மறுநாள் முதல் கதை மாறியது. மின்கம்பங்கள் சாய்ந்து, தென்னந்தோப்புகள் தரைமட்டமாகி, உள்கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. கைப்பேசியில் மின்னேற்றம் இல்லாததால் எங்கே உதவி கிடைக்கும் என்ற தகவலும் போகவில்லை. எச்சரிக்கை முறை முழுவதும் புயலுக்கு முந்திய மணிகளுக்காகவே கட்டப்பட்டிருந்தது.

கடைசியாக, மழை. துறைமுகக் கூண்டு காற்றை அளந்து பிறந்தது. பெருமழைக்கென்று அதில் ஓர் எண் கிடையாது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது, புயல் எதுவும் இல்லை, வளிமண்டலச் சுழற்சி மட்டுமே. வானிலைத் துறையின் கணக்கில் 20 செ.மீ.-ஐத் தாண்டிய எல்லாம் ‘அதிகனமழை’. 21-க்கும் 95-க்கும் ஒரே சொல், ஒரே சிவப்பு. சொல்லைக் கேட்டவர் எதற்குத் தயாராவது? தாமிரபரணி ஊர்களைச் சூழ்ந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு ரயிலின் பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கினர். அடுத்த ஆண்டு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றது. மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. பெய்த மழை, கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள ஊத்தங்கரையிலும் அதே அளவு பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு லட்சத்துக்கும் அதிகமான கனஅடி நீர் தென்பெண்ணையில் இறங்கியது. கீழே இருந்தவர்களுக்குப் போதிய அவகாசம் கிடைத்ததா என்பது சட்டமன்றம் வரை விவாதமானது.

கடல் வெப்பமேறுவதால் புயல்கள் சில மணி நேரத்தில் வலுக்கின்றன, மழையும் ஓரிடத்தில் குவிந்து கொட்டுகிறது. கடலோர மாவட்டங்களின் அனுபவம் உள்நாட்டு மாவட்டங்களான கிருஷ்ணகிரிக்கும் திருவண்ணாமலைக்கும் இனி தேவைப்படும். ஒரு பகுதியிலுள்ள எல்லாக் கைப்பேசிகளையும் ஒரே நேரத்தில் அலற வைக்கும் முறை 2023-இல் சோதிக்கப்பட்டது; அதற்குச் செயலியோ இணையமோ வேண்டியதில்லை. செய்தி மேலிருந்து வருவதற்கு இப்படி வழிகள் கூடியிருக்கின்றன. கீழிருந்து கேட்க இருப்பவை பழைய எண்கள்தான். சாதாரணக் கைப்பேசியிலிருந்தும் கட்டணமின்றி அழைக்கலாம்: மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077.